கொல்லைப்பக்கம் கொஞ்சம் பார்க்கலாமா?

வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன வளர்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என் வேலை; கேட்டைத் தொடும் முன் நாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் சக ஜீவன்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஒண்ணுமே இல்லாத வீடு

அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு வீடு. பட்டறைக்காரர் வாசலிலேயே மறித்தார். "செடியா? நம்ம ஊட்ல ஒண்ணும் இல்லம்மா."

குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேலே தென்னை, அதன் நிழலில் வாழை, வாழைக்கு அடியில் சேம்பு, முருங்கையில் ஏறிய கோவைக்கொடி, தண்ணீர் ஓடும் ஓரமெல்லாம் பொன்னாங்கண்ணி. ஒரு கார் நிறுத்தும் இடத்தில் அடுக்கடுக்காக ஒரு காடு! "இவ்வளவு வெச்சிக்கிட்டு ஒண்ணும் இல்லன்றீங்களே அண்ணா!" என்று குதித்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செடின்னா ரோஜா, குரோட்டன்ஸு. இதெல்லாம் கொயம்புக்குப் போட்றதும்மா!"

லாரியில் ஏறிய வாழை

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு மார்த்தாண்டத்துக் குடும்பம். கணவர் ஓய்வு பெற்றுவிட்டதால், சென்னீர்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் லாரி. அந்தம்மா மட்டும் கொல்லையில் கடப்பாரையோடு வாழையைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்.

"மட்டி வாழையா?" என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. குமரிப் பக்கம் மட்டுமே விளையும் மட்டியை ஆவடியில் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மட்டியேதான். எம் பிள்ளையளுக்கு முதமுதல்ல ஊட்டின பழம். அடுத்து வாறவங்க வெட்டிப் போட்டா?"

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கிழங்கோடு கன்று பெயர்ந்து வந்தபோது இருவரும் கத்திய கத்தலில் கணவர் ஓடிவந்தார். கன்றைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "என் பீரோவுக்கு இடமில்லையாம், இதுக்கு இருக்காம்!"

கோடாலிக்கு முன்னால்

பூந்தமல்லியில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வாழும் ஒரு முஸ்லிம் வீடு. தம்பிக்குக் கல்யாணம், புது அறைக்காகக் கொல்லை மரத்தை வெட்ட மேஸ்திரி கோடாலியை ஓங்கியிருந்தார். காய்க்காத எலுமிச்சை என்றார்கள். எனக்கோ இலையில் சந்தேகம். காம்பிலேயே இன்னொரு குட்டி இலை! அண்ணாந்து தேடினேன். உச்சியில், இலைகளுக்குள், தேங்காய் அளவில் ஒரு பச்சை உருண்டை.

"நிறுத்துங்க! அது எலுமிச்சை இல்ல, பம்ளிமாஸ்!"

தம்பி ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, நெஜமாவே காய்ச்சிருக்கு!" அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, செவுத்த வளைச்சுக் கட்டு மேஸ்திரி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேஸ்திரி கோடாலியைக் கீழே போட்டார். "இன்னா பாய் இது, மரம் நேரா கீது, ஊடு கோணிக்கினு போவுது!"

மொத்தத்தில், அடுத்தவர் கொல்லையில் நுழைந்து அடுத்தவர் மரத்துக்காகக் கூச்சல் போடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.