அத்தானின் வலது தோள்

எங்கள் அத்தானை மண்ணுக்குக் கொடுத்து ஓராண்டு ஆகிறது. இன்று திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களிடம், அவர்களுடைய கயிற்றைப் பிடித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

அத்தான் மணப்பாட்டில் பிறந்தவர்கள். என் அக்காளைக் கட்டித் தூத்துக்குடிக்கு வந்தார்கள். முத்துக்குளிப்பில் மூழ்குபவனின் கயிற்றை மேலே படகில் பிடிப்பவன், அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பது நம் வழக்கம். அக்காள் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா? அப்படித்தான் அந்த உயிர் என் கைக்கு வந்தது.

முத்து ஓய்ந்தபின் புதுத் துறைமுக வேலை. பிறகு ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலை அறுக்கும் வேலை. இரும்புத் தொப்பி, காற்றுக் குழாய், பகலெல்லாம் தண்ணீருக்குள்; மேலே கயிறு அப்போதும் என் கையில். மேலே வந்ததும் வலது தோளைப் பிடித்துக்கொள்வார்கள். வாயு என்று அக்காள் எண்ணெய் தேய்த்தாள். மறுநாள் இறங்கினால் வலி அடங்கிவிடும். கடலே மருந்து என்று நம்பினோம்.

கை நெற்றிக்கு ஏறாமல் போயிற்று. கோயிலில் சிலுவை போட, தலையைக் கைக்குக் குனிந்து கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கு இப்போது பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டார் கேலி செய்ய, அத்தானும் சிரித்துக்கொண்டார்கள்.

மதுரை டாக்டர்தான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று, மேலே வரும்போது குமிழாகி எலும்பின் இரத்த ஓட்டத்தை அடைத்திருக்கிறது. தோள்பந்து செத்து அமுங்கியிருந்தது. இறங்கினால் குமிழ் சுருங்கும், வலி தணியும். ஆனால் ஒவ்வொரு இறக்கமும் எலும்பைத் தின்னும். இனி கடல் கூடாது. அறுவை செய்து தோள்மூட்டை அசையாமல் இணைத்தால் நோவு குறையும், கை உயராது.

அத்தான் அறுவைக்கு இசையவில்லை. படுத்தால் தோள் விடாது, நாற்காலியிலேயே தூங்கினார்கள். ஒரு காலை படகுத்துறையில் என் முன்னே வந்து நின்றார்கள்.

"ஏலே, ஒரு தடவ எறக்கி விடு. கீழ போனா நோவு இருக்காதுல்லா."

"கயித்தத் தரமாட்டேன், அத்தான்."

"அப்பம் நீ மச்சினன் இல்ல. ஜெயில் வார்டன்."

அதன் பிறகும் தினமும் வந்து என்னருகே உட்கார்ந்தார்கள். கயிறு அவர்கள் இடுப்பில் இல்லை. இருந்தும் இருவருமே அதில்தான் கட்டுண்டு கிடந்தோம். சென்ற ஆண்டு நெஞ்சடைப்பு வந்து அவர்களை விடுவித்தது.

மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், அக்காளைத் தாங்கிப் பிடித்த முத்தையாபுரத்து உறவுகளுக்கும், பெட்டியைச் சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறைக் குழியருகே பெட்டியை இறக்கும் தலைமாட்டுக் கயிற்றை என் கையில் தந்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

அத்தான் கேட்டபடி ஒரு தடவை இறக்கினேன். பழக்கத்தில், தூக்கச் சொல்லிக் கீழிருந்து இழுப்பு வருமென்று கை காத்திருந்தது. வெறுங்கயிறு லேசாக மேலே வந்தது.