பச்சைப் பெயின்ட்டுக்குள் ஒரு உத்தரம்

ராயபுரத்தில் எங்கள் மீனவக் குப்பத்து மாதா கோயில் மிகப் பழையது. அதைப் பராமரிக்க நாங்களே ஒரு கமிட்டி வைத்திருக்கிறோம். உலக யுத்தம் முடிந்ததிலிருந்து, துறைமுக ஏலத்தில் கிடைக்கும் பச்சைக் கப்பல் பெயின்ட்டை வருஷா வருஷம் உத்தரங்களுக்கு அடிப்போம். அந்தப் பளபளப்பில் எங்களுக்குப் பெருமை தாங்காது.

இந்தத் திருவிழாவுக்குப் பெரிய தொங்குவிளக்கை உத்தரத்தில் மாட்டிவிட்டு, அதன் அடியிலேயே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பெஞ்சுகளைக் கழுவ வந்த என் மனைவி ரோசம்மா கத்தினாள்.

"இன்னாய்யா, கோயில்ல குந்திக்கினு டீ குடிக்கிறீங்கோ? எயுந்திருங்கோ, பெஞ்சைக் கயுவணும்!"

முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுகளை வெளியே தூக்கி வந்தோம். உள்ளே படாரென்று சத்தம். விளக்கோடு உத்தரம் தரையில் கிடந்தது. பச்சைத் தோலுக்குள் அத்தனையும் கரையான்.

"மீனுன்னா செவுளைத் தூக்கிப் பாக்குறீங்கோ. இத்த மட்டும் மேலோட்டமா பாத்து நம்பிட்டீங்களே!" என்றாள் அவள். கமிட்டித் தலைவர் சூசை அண்ணன் தலையைச் சொறிந்தார்.

தேக்கு உத்தரம் ஏற்றித் திருவிழாவையும் நன்றாகவே நடத்தினோம். இப்போது ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம். ரோசம்மாவும் கமிட்டியில் இருக்கிறாள். அவள் "எயுந்திரு" என்றால், ஏனென்று கேட்காமல் எல்லோரும் எழுந்துவிடுகிறோம்.