அக்கா காசில் பஜ்ஜி

பருத்திப்பட்டு ஏரிக்கரையை இப்போது நடைபாதை, விளக்கு, பெஞ்சு என்று பிரமாதப்படுத்திவிட்டார்கள். எனக்கென்னவோ அம்மா இருந்தபோது பஜ்ஜி வண்டி நின்ற அந்தப் பழைய கரைதான் கரை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்ததும் அக்கா எங்களை ஆட்டோவில் அங்கே கூட்டிப்போவாள். அம்மா சுருக்குப்பையைத் திறந்தால் கையைத் தட்டிவிடுவாள். "இன்னிக்கு என் காசு" என்பாள். அந்தத் திமிர் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சின்ன வயதில் வந்த போலியோவில் அக்காவுக்கு இரண்டு காலும் சூம்பிப்போயிருந்தன. காலைத் தாங்கும் இரும்புக் காலிபர் மாட்டினால் வீட்டுக்குள் நாலடி நடப்பாள். யாராவது வருகிறார்கள் என்றால் போதும், அம்மா காலிபரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் புடவையைப் பாதம்வரை இழுத்துவிடுவாள். அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே இதே கதைதான்.

உதவித்தொகை வாங்குகிறவர்களைச் சரிபார்க்க ஒருவர் வந்த அன்றும் அதே கூத்து. பவுடர், பூ, பட்டுப்புடவை, வந்தவருக்குக் காபி வேறு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அப்படி உபசாரம் நடக்காது. அவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கேட்கவில்லை, அம்மாவும் காட்டவில்லை. அடுத்த மாதம் பணம் வரவில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கிறார் என்று எழுதி ரத்து செய்துவிட்டார்களாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா யாரையும் திட்டவில்லை. ஏரிக்கரைக்கு மட்டும் இனி வரமாட்டேன் என்றுவிட்டாள். அம்மா தன் காசில் கூப்பிட்டும் வரவில்லை.

பூந்தமல்லியில் இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீலம்மா எங்களுக்காக மனு போட்டார். விசாரணைக்குச் சாதாரணப் புடவையில் வரச் சொன்னார். அக்காவாவது, கேட்பதாவது! பட்டும் பூவுமாகத்தான் வந்தாள். நீதிபதி காலைப் பற்றிக் கேட்டதுமே அம்மாவின் கை பழக்கத்தில் புடவை நுனியை இழுத்துவிடப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு மா. நானே காட்டுறேன்."

முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

ரத்து செல்லாது என்று உத்தரவு வந்து, பணமும் வந்த அன்று, மூன்று பேரும் மறுபடி ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். அம்மா சுருக்குப்பையைத் தொடவே இல்லை. ஏரிக்காற்றில் அக்காவின் புடவை கெண்டைக்கால்வரை ஏறியது. அம்மா அதைப் பார்த்தாள். இழுத்துவிடாமல், அவளிடம் இன்னொரு பஜ்ஜி வாங்கித்தரச் சொன்னாள்.