குண்டு போடாத விமானம்

பர்மாவில், அலோன் பகுதிக் கிடங்கு ஒன்றில்தான் அந்தப் பெயின்டரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியிலும் பெயின்ட் தெறித்திருந்தது. பழைய வர்ணத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டார்.

என் முதலாளி தன் உணவகத்தின் முன்னால் நிறுத்துவதற்காக ஒரு பழைய விமானம் வாங்கியிருந்தார். அதில் பட்டாளத்து நட்சத்திரமும், எத்தனை குண்டு போட்டது என்று காட்டும் குண்டுப் படங்களும் வரையச் சொன்னார். பெயின்டர் சுரண்டிய இடத்திலோ ‘தபால்’ என்று பர்மிய எழுத்து தெரிந்தது.

“இது கடுதாசி சொமந்த விமானம், சயா. யார் தலையிலயும் குண்டு போடல. போட்டதா நான் வரைய மாட்டேன்.” ‘சயா’ என்று பர்மிய வழக்கப்படி மரியாதையாக அழைத்தே முதலாளியிடம் மறுத்தார் பெயின்டர்.

“பட்டாள விமானம்னாத்தான் ஜனம் நின்னு பார்க்கும். வரைய்யா!”

“குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு வந்த ஜனமும்தான் பார்க்கும்.”

முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். பெயின்டர் போகவில்லை. மங்கிய தபால் எழுத்துகளுக்குப் புது வர்ணம் பூசத் தொடங்கினார். அவரைத் தடுக்க வேண்டிய நான், மாலைவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் முதலாளி கத்தினார்: “யார் இதை எழுத விட்டது?”

“நான்தான்” என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.