போன் தூக்கினால் நிற்கும் குதிரை

எனக்குப் பதின்மூன்று வயதான கோடையில் அம்மா என்னைக் குதிரையேற்ற முகாமில் கொண்டுபோய் விட்டார். எனக்குக் குதிரைமேல் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆசை அம்மாவுக்குத்தான், அதுவும் குதிரைமேல் இல்லை, பூட்டிய வீட்டில் நான் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கக் கூடாது என்பதில். அம்மாவுக்குச் சிறுசேரியில் வேலை. காலையில் செங்கல்பட்டில் எங்கள் தெருமுனைக்கு ஆபீஸ் கேப் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். அத்தா, அதாவது என் அப்பா, மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கும்வரை இந்த ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியாது. மே மாதம் வந்தால் தெரிந்துவிடும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், தங்கிப் பழகுகிற முகாம் ஒன்று நடக்கிறது என்று அம்மாவின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். கராத்தே என்று சொல்லியிருந்தால் நான் கராத்தே கற்றுக்கொண்டிருப்பேன்.

முகாமில் என் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள். ஒரே அபார்ட்மென்ட், ஒரே பள்ளி, போன வருடமும் இதே முகாம். ஒருத்தி பாதி வாக்கியம் சொன்னால் இன்னொருத்தி சிரிப்பாள். மீதிப் பாதி எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டைக்குப் பிறகு சிநேகமாவது ஆகியிருக்கும். சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் விட்டு, உப்பு கேட்டால் எடுத்துக் கொடுத்து, மறுபடி தங்கள் பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதைவிடத் தனிமை வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தட்டைக் கழுவிவிட்டு நான் லாயத்துப் பக்கம் போய் நிற்பேன்.

எனக்குக் கொடுத்தது ஒரு பழுப்புக் குதிரை. முகாமில் அதற்கு ஸ்டைலாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். அது குதிரைக்கே தெரியாது. முகாமுக்கு ஒரு குதிரை குறைந்தது என்று மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்தார்கள். கூடவே குதிரைக்காரரும் வந்திருந்தார். குதிரை என்மேல் உயிரை விட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். கேரட் கொடுத்தால் தின்னும், தின்று முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் நான் பக்கத்தில் நிற்பது அதற்குத் தொந்தரவாக இல்லை. அந்த நாட்களில் எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் போன்களை முகாமில் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அத்தாவுக்குப் பெரும்பாலும் சரக்கு வந்து இறங்கும். கிடைத்தாலும் குடோனுக்குள் நெட் இழுக்காது. "சாப்பிட்டியாம்மா" என்பார், 'ம்மா'வில் வாய் திறந்தபடி படம் அப்படியே நின்றுவிடும். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படம் நின்றால் காத்திருக்கக் கூடாது, உடனே வெட்டிவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் வெட்ட வேண்டும். அத்தா இதில் கில்லாடி. சில சமயம் நான் வெறுமனே யோசித்துக்கொண்டு அசையாமல் இருந்தாலே வெட்டிவிடுவார்.

முகாமின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் முன்னால் நாங்கள் ஓட்டிக் காட்ட வேண்டும். அத்தாவுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் நேரில் வருவார் என்று நான் கனவுகூடக் காணவில்லை. ஆனால் அன்றைக்கு மேனேஜரிடம் கேட்டு டீ நேரத்தைத் தள்ளிவைத்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீடியோவில் பார்ப்பதாகச் சொன்னார். "நீ குதிரைய ஓட்றத நான் கண்ணால பாக்கணும்" என்றார். நான் முதல் அடி வைத்ததை, சைக்கிள் விட்டதை, எதையும் அவர் நடக்கும்போது பார்த்ததில்லை. எல்லாம் போட்டோவில்தான் போயிருக்கிறது. அதனால் இந்த ஒன்றை அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகை நடந்தது. நான் நன்றாகவே ஓட்டினேன். கோச் திருத்துவதற்காகப் படம் எடுக்கலாம் என்று தன் போனைத் தூக்கினார். குதிரை டக்கென்று நின்றது. நான் அதன் கழுத்தில் போய் விழுந்தேன். அது பக்கவாட்டில் அழகாகத் திரும்பி, கழுத்தை நிமிர்த்தி, போனைப் பார்த்து அசையாமல் நின்றது. காலால் தட்டினேன், அதட்டினேன், கெஞ்சினேன். கோச் போனை இறக்கியதும் தானாக நடந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது. அபார்ட்மென்ட் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மட்டும் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

குதிரைக்காரர் வந்து கடிவாளத்தைப் பிடித்தார்.

"அது பீச்சு குதிர பாப்பா. ஏறி குந்துவாங்கோ, போட்டோ புடிப்பாங்கோ, எறங்கிடுவாங்கோ. அதான் சவாரி. போன் தூக்கினா நிக்கணும்னு அதுக்கு பயக்கமாயி கீது."

"மாத்த முடியாதாண்ணா?"

"எத்தினி வருச பயக்கம். ரெண்டு நாள்ல இன்னா பண்றது? போன கீழ வெச்சிக்க சொல்லு, அது பாட்டுக்கு ஓடும்."

கோச் வேறு குதிரை தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். இந்த முகாமில் நான் பக்கத்தில் போய் நின்றது இது ஒன்றிடம்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி, உன் முறை வரும்போது எல்லாரையும் போனை உள்ளே வைக்கச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தா வருவதே போனில்தானே. குதிரை குப்புறத் தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், அதேதான்.

அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து போன் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அம்மாவின் ஆபீஸில் அந்த வாரம் ஏதோ பெரிய சாப்ட்வேர் ரிலீஸ். சனி ஞாயிறும் வேலை. அத்தாவும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: போனை உயரத் தூக்காதே, வயிற்றுக்கு நேராகத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடி, குதிரைக்குத் தெரியக் கூடாது. மறுநாளும் பார்த்தேன். அம்மா அதைக் கேட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவுக்குக் கழி வேலியைச் சுற்றிக் கார்களாக வந்து நின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது நான்கு பேர். எனக்கு ஒருவரும் வரவில்லை. சிறுசேரியிலிருந்து கேப் பிடித்துவிட்டதாக அம்மா கோச்சிடம் சொல்லியிருந்தார். என் முறையைக் கடைசிக்குத் தள்ளினார்கள். கடைசியும் வந்தது. கோச் மைக்கில் எல்லாரையும் போனை உள்ளே வைக்கச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். யார் பெற்ற பிள்ளைக்காகவோ தாங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள், நியாயம்தான்.

முதல் சுற்று நடை. இரண்டாவது சுற்றில் மெல்ல ஓட ஆரம்பித்தோம். கடல் காற்று முகத்தில் அடித்தது. பரவாயில்லை, அத்தா பார்க்காவிட்டால் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அம்மா ஓடி வந்தார். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் அப்படியே ஆடியது. கையைத் தலைக்கு மேலே நீட்டி, போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். "தோ பாருங்க, தோ உங்க பொண்ணு!" என்று கத்தினார்.

குதிரை நின்றது.

பக்கவாட்டில் திரும்பி, கழுத்தை நிமிர்த்தி, தன் தொழிலைச் சுத்தமாகச் செய்தது. நானும் அதன்மேல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அமைதியாக இருந்ததால் அத்தாவின் குரல் போனிலிருந்து எனக்கே கேட்டது.

"நின்னுடுச்சிம்மா. நெட்டு போயிடுச்சி. கட் பண்ட்டு வரேன்."

வெட்டிவிட்டார். அம்மா போனை இறக்கினார். குதிரை ஓட ஆரம்பித்தது. போன் அடித்தது. அம்மா எடுத்துத் தூக்கினார். குதிரை நின்றது. "மறுபடியும் நின்னுடுச்சி" என்று அத்தா வெட்டினார். வேலியோரம் ஒரு சிரிப்பு கிளம்பியது. கோச் அம்மாவிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அம்மாவின் முகம் விழுந்தது. மூன்றாவது முறை போன் அடித்தபோது எடுத்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"பையில போடும்மா!" என்று கத்தினேன். "கட் பண்ணாத! அப்டியே பையில போடு!"

அம்மா போனைக் கைப்பைக்குள் போட்டார். நான் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். குதிரை பாய்ந்தது. மெல்லோட்டம் இல்லை, நிஜ ஓட்டம். வேலியை ஒட்டி, அம்மா நிற்கிற பக்கமாகவே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மணல் தெறித்தது, குளம்புகள் தடதடத்தன. அம்மாவைக் கடக்கும்போதெல்லாம் அவர் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் படம் எடுக்கவில்லை. அந்த ஓட்டத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

முடித்து இறங்கினேன். கைதட்டினார்கள். குதிரைக்காரர் வந்து குதிரையை வாங்கிக்கொண்டு லாயத்துக்கு நடத்திப்போனார். அது திரும்பிப் பார்க்கவில்லை. நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா பைக்குள் கையை விட்டு, சாவிக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவிலிருந்து போனை எடுத்தார். திரையில் முகம் இல்லை. மங்கலாக ஏதோ மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது அத்தாவின் காது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"அத்தா" என்றேன்.

காது விலகியது. முகம் வந்தது. பின்னால் அரிசி மூட்டைகள்.

"அந்தச் சத்தம் நீயாம்மா?"

"நான்தான் அத்தா."

"அம்மாம் வேகமா ஓட்டினே?" மூக்கை உறிஞ்சினார். "இன்னொரு வாட்டி ஓட்டேன். என்ன பையிலயே போட்டுக்க சொல்லு."

நான் லாயத்தைப் பார்த்தேன். குதிரையின் முதுகிலிருந்து சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குதிரைய கட்டிட்டாங்க அத்தா."

"செரிம்மா" என்றார்.

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. திரையில் அத்தாவின் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதா, அவர்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. வெட்டவில்லை.