மார்லா சரிபார்த்த பை

முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மார்லா ரெவல்ஸ்டோக் வட்டாரப் பனிவண்டிப் பந்தயத்தில் இரண்டு முறை வென்றாள். பனிச்சரிவிலிருந்தும் உயிரோடு மீண்டாள். அன்று காலை அவளுடைய முதுகுக் காற்றுப்பையைக் கணவன் கர்ட் சரிபார்த்திருந்தான். சரிவில் அவள் பிடியை இழுத்ததும் பை விரிந்து அவளை மேலே தூக்கியது.

அவனுடைய பையை அவள் பார்க்கவில்லை. மலைக்குப் போகும் வழியில் எதிலும் மாட்டி இழுபடாமலிருக்கப் பிடியை உள்ளே வைத்து ஜிப்பை மூடுவது எல்லோருக்கும் வழக்கம்; பனிவண்டியில் ஏறுமுன் திறந்துவிட வேண்டும். பனியைத் தோண்டி உடலை எடுத்தபோது, கர்ட்டின் ஜிப் மூடியபடியே இருந்தது.

அதன்பின் ஜிப் சத்தம் கேட்டாலே, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பாள். இரண்டு குளிர்காலம் யார் பையையும் தொடவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில், மலையடிவாரத்தில் அக்கா லோர்னா தன் பையை நீட்டினாள்.

"நீ பாத்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன்டி."

"வேற ஆளே கெடைக்கலயாக்கா உனக்கு?"

"இருக்காங்க. காபி குடிச்சுக்கிட்டே பாக்கறாங்க."

மார்லா பையை விரியவைக்கும் காற்று சிலிண்டரை எடைபோட்டு, அதில் பொறித்திருந்த எடையோடு ஒப்பிட்டு, இறுகத் திருகினாள். ஜிப்பைத் திறந்து பிடியை வெளியே எடுத்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் சற்று ஒதுங்கி இடம்விட்டாள். லோர்னா அவசரப்படுத்தவில்லை.

லோர்னாவின் பையோடு இருந்த சோதனைத் தாளில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் மார்லா முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 2017 ஜனவரி 14.