நெரிசலுக்கு முன் கிளம்புகிறவர்

கார் நிறுத்துமிடத்திலிருந்து முதல் ஆளாக வெளியேறுவதை வாழ்நாள் சாதனையாக நினைத்த மனிதர் அமெரிக்காவின் டொலீடோ நகரத்திலேயே லெஸ்டர் நோவாக் ஒருவர்தான். வீடுகளுக்கு ஹீட்டர் பொருத்துவது தொழில். ஞாயிறு பூசையில் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்துவிடுவார். மகள் மார்னி பட்டம் வாங்கி மேடையை விட்டு இறங்குவதற்குள் இவர் காரைக் கிளப்பியாயிற்று. இப்படி மிச்சம் பிடித்த நிமிடங்களை என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் சோபாவில் தூங்கினார்.

ஸ்டீமர்ஸ் கூடைப்பந்து அணிக்கு முப்பத்தொரு வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருந்தார். இறுதித் தொடருக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் மண்ணைக் கவ்விய அணி அது. எந்த வருடம் எவன் எந்த ஃப்ரீ த்ரோவைக் கோட்டை விட்டான் என்று மதுக்கடையில் மணிக்கணக்கில் அளப்பார். அந்தக் கடைசி நிமிடங்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் கார் ரேடியோ புண்ணியம்.

"சாகறதுக்குள்ள ஒரே ஒரு கோப்பை. அத என் கண்ணால பாக்கணும்" என்று மட்டும் விடாமல் புலம்புவார்.

நான்காவது முறை வந்தது. ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு மூன்று என்று சமம். ஏழாவது ஆட்டம் சொந்த ஊரில், ஞாயிறு பிற்பகல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது ஸ்டீமர்ஸ் பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தது. லெஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எந்திரி மார்னி. இவனுங்க கதை நமக்குத் தெரியாததா?"

"இன்னைக்காவது உக்காருப்பா. உனக்குப் புண்ணியமா போகும்."

"அப்புறம் வெளிய போக ஒரு மணி நேரம் ஆகும். நீ வேணா இரு, பஸ்ல வா."

காரில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார். வித்தியாசம் ஐந்து. சாவியைப் போடும்போது இரண்டு. வாசல் தடுப்பை நெருங்கும்போது சமம். அறிவிப்பாளர் கூடுதல் ஐந்து நிமிட ஆட்டம் என்று தொண்டை கிழியக் கத்தினார். லெஸ்டர் காரை நடுவழியில் விட்டுவிட்டு, அறுபத்து நான்கு வயதுத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே காவலுக்கு நின்ற டெலோரஸ் அசையவில்லை. "வெளிய போனா போனதுதான் சார். கதவுலயே எழுதியிருக்கு."

"முப்பத்தொரு வருஷமா சீசன் டிக்கெட் வச்சிருக்கேம்மா!"

"அப்ப முப்பத்தொரு வருஷமா படிச்சிருப்பீங்களே?"

கண்ணாடி வழியே அவருக்குத் தெரிந்தது பாப்கார்ன் கடையும் ஒரு குப்பைத் தொட்டியும். கட்டிடமே அதிர்ந்தது. டெலோரஸ்கூடத் துள்ளிக் குதித்தாள். முதல் கோப்பை. லெஸ்டர் நெற்றியைக் கதவில் சாய்த்து விம்மி அழுதார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அவரை வெளியே யாரும் பிடித்துத் தள்ளவில்லையே!

அன்று பார்த்து ஒருவரும் இடத்தை விட்டு எழவில்லை. சாலையில் நெரிசலே இல்லை.

மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பெரிய படம். பொன்னிறக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்ட, அத்தனை பேரும் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். மார்னி வாயைப் பொத்தி அழுகிறாள். அவள் பக்கத்தில் மடங்கிய ஒரு காலி நாற்காலி.

லெஸ்டர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் அந்த நாற்காலியைத் தொட்டுக் காட்டுவார்.

"இதோ பாருங்க, இது என் இடம்."